ஆரெகன் பாட்டையின் வண்டிச்சோடைகளைப் பார்க்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஸ்காட்ஸ் பிளஃப் என்றொரு குன்று இருக்கிறது. 1919 முதல் தேசிய நினைவிடமாகப் பாதுகாக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஆரெகன் பாட்டை என்ற நெடுவழியில் மேற்கே குடியேறப் போனவர்களின் மாட்டுவண்டிகள் குன்றை ஒட்டிய மிட்செல் கணவாய் வழியாகப் போயின. அங்கே போய் இறங்கியதும் வண்டிச்சோடை, அதாவது சக்கரத் தடம், என்று தரையில் இணையாக ஓடும் இரண்டு கோடுகளைத் தேடாதீர்கள். தேடினால் ஏமாந்துதான் திரும்புவீர்கள்.

மண் தரையில் சோடை அப்படி நிற்காது. வண்டிகளும் மாடுகளும் மிதித்துப் பொடியாக்கிய மண்ணைக் காற்றும் மழையும் வாரிக்கொண்டு போய்விட்டன. மிஞ்சியிருப்பது வறண்ட ஓடை போன்ற அகலமான பள்ளம், அதன் மேல் புல். உச்சிவெயிலில் போவதும் தவறுதான், பள்ளம் கண்ணில் படாது. காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது பள்ளத்துக்குள் நிழல் தங்கும். அப்போது பாட்டை போன திசை பளிச்சென்று தெரியும்.

கல்லில் பதிந்த சோடையைப் பார்க்க, இன்னும் மேற்கே வயோமிங்கின் கெர்ன்சி ஊருக்குப் போக வேண்டும். நார்த் பிளாட் ஆற்றின் தென்கரையில் ஒரு மணற்பாறை மேடு. ஆற்றோரத்தை விட்டு விலகி ஏறக்குறைய எல்லா வண்டியும் அந்த ஒரே இடத்தில்தான் ஏற வேண்டியிருந்தது. இரும்புப் பட்டை போட்ட சக்கரங்கள் வருஷக்கணக்காக அறுத்து அறுத்து, சில இடங்களில் ஐந்தடி ஆழத்துக்குப் பாறை இறங்கிவிட்டது. உள்ளே நின்றால் கல்சுவர் நெஞ்சுக்கு வரும். எனக்குத் தெரிந்து இந்தப் பாட்டையில் இதற்கு ஈடான இடம் இல்லை.

ஆனால் இதைப் பார்த்துவிட்டு, 3,000 கிலோமீட்டருக்கு மேல் நீண்ட பாட்டை முழுக்க ஒற்றைத் தடம் என்று நினைத்துவிட வேண்டாம். சமவெளியில் புழுதிக்குப் பயந்தும் மாட்டுக்குப் புல் தேடியும் வண்டிகள் பரந்து விரிந்து போயின. இடம் குறுகிய கணவாயிலும் பாறையிலும்தான் வரிசை கட்டின. யாரும் இல்லாத வெற்று நிலம் என்றும் எண்ணிவிடாதீர்கள். லக்கோட்டா, செயேன் என்ற பூர்வகுடி மக்களின் நிலத்தைக் கிழித்துக்கொண்டுதான் பாட்டை போனது. 1851-இல் அமெரிக்க அரசுக்கும் பூர்வகுடிகளுக்கும் இடையே லாரமி கோட்டை உடன்படிக்கை வந்ததும் இதையொட்டித்தான்.

அப்புறம், நடைபாதையை விட்டு இறங்கக் கூடாது. புல் செத்தால் பள்ளத்தை மழை இன்னும் அரிக்கும். விஷமுள்ள கிலுகிலுப்பைப் பாம்புகளும் அங்கே உண்டு. பழைய ஆணி, இரும்புத்துண்டு கிடைத்தால் கிடந்த இடத்திலேயே விடுங்கள். தேசியப் பூங்கா நிலத்தில் எடுப்பது குற்றம்.

பெரிய தவறு, பாறையில் பெயர் கீறுவது. கெர்ன்சிக்குப் பக்கத்தில் ரெஜிஸ்டர் கிளிஃப் என்ற மணற்பாறைச் சுவரில் பயணிகள் பெயர் செதுக்கிவிட்டுப் போனார்கள். பின்னால் வந்தவர்களின் கீறல்கள் பழைய பெயர்களைத் தின்றுகொண்டிருக்கின்றன. தப்பியவற்றில் ஒன்று ‘ஏ. எச். அன்தாங்க், 1850’. இந்தியானாவிலிருந்து கலிபோர்னியாவுக்குக் கிளம்பிய 19 வயதுப் பையன். பெயரைச் செதுக்கிய சில நாட்களிலேயே காலரா அவனைக் கொண்டுபோய்விட்டது. பாட்டையில் செத்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது அம்பும் துப்பாக்கியும் அல்ல, நோய்தான். அவன் கல்லறை இன்னும் மேற்கே, கிளென்ராக் ஊருக்கு அருகில் இருக்கிறது.