சிக்னல் போன மலையில மேப்பும் போச்சு: என் அனுபவம்

போன வருஷம் தேனி மாவட்டம் குரங்கணில இருந்து மூணார் பக்கம் இருக்குற டாப் ஸ்டேஷனுக்கு மலை ஏறினோம், வனத்துறை பர்மிஷன் எல்லாம் வாங்கிட்டுத்தான். பாதி வழில சிக்னல் போச்சு, போன்ல நீலப் புள்ளி மட்டும் வெறும் சாம்பல் கலர் மேல நிக்குது, பாதையும் இல்ல ஒண்ணும் இல்ல. கைடு அண்ணன் சிரிச்சுக்கிட்டே "அத பைக்குள்ள வைங்க தம்பி"ன்னாரு.

வீட்டுக்கு வந்தப்புறம்தான் உறைச்சுது, ஜிபிஎஸ்ஸுக்கு டவர் தேவையே இல்ல, சாட்டிலைட்ல இருந்து நேரா வாங்குது, ஏரோபிளேன் மோட்லகூட ஓடும், நான் டவுன்லோட் பண்ணாம விட்டது மேப்பத்தான்.

அப்புறம் ஆர்கானிக் மேப்ஸ், ஓஸ்ம்அண்ட்னு ரெண்டு மேப் ஆப்பையும் போட்டுப் பாத்தேன். ரெண்டுமே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் டேட்டா, அதாவது தன்னார்வலர்கள் சேர்ந்து வரையுற மேப், முன்னாடியே டவுன்லோட் பண்ணிட்டா ஆஃப்லைன்ல ஓடும், ஒத்தையடிப் பாதையும் காட்டும். ஓஸ்ம்அண்ட்ல இல்லாத வசதியே இல்ல ஆனா செட்டிங்ஸுக்குள்ள போனா திரும்பி வர ஒரு கைடு வேணும். அதனால ஆர்கானிக் மேப்ஸ்லயே நின்னுட்டேன், காசு இல்ல, விளம்பரமும் இல்ல, ஒரே உயரத்துல இருக்குற இடங்கள இணைக்கிற சமஉயரக் கோடும் இருக்கு, கோடு நெருக்கமா இருந்தா ஏத்தம் செங்குத்து, அங்க முட்டி கழண்டுரும்னு முன்னாடியே தெரிஞ்சுக்கலாம்.

ஆனா ஒண்ணு, யாராவது வரைஞ்சு சேத்த பாதைதான் அதுல இருக்கும், சில இடத்துல பாதை பாதில அந்தரத்துல நிக்கும். அதனால கிளம்புறதுக்கு முந்தின நாளே போனை ஏரோபிளேன் மோட்ல போட்டு போற வழி முழுக்க ஜூம் பண்ணிப் பாத்துடுறேன், பவர் பேங்கும் எடுத்துக்கிறேன், கைடு அண்ணனையும் விடுறதில்ல.