மவுண்டன் பைக் டிரெயில்: தேர்விலும் ஓட்டத்திலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு டிரெயிலின் நீளம் 12 கி.மீ., ஏற்றம் 350 மீட்டர். வரைபடத்தில் இதைப் பார்த்ததும் "இவ்வளவுதானே" என்று கிளம்பிவிடுவதில்தான் பாதிப் பிரச்சினைகள் தொடங்குகின்றன. தார்ச்சாலையில் அது முக்கால் மணி நேர வேலை. டிரெயில் என்ற மண்ணும் கல்லும் வேருமான பாதையில் புதியவர் மணிக்கு 6 முதல் 8 கி.மீ. போனாலே நல்ல வேகம். நின்று பார்ப்பது, இறங்கித் தள்ளுவது, மூச்சு வாங்குவது எல்லாம் சேர்ந்தால் இரண்டு மணி நேரம் ஓடிவிடும்.

அந்த 350 மீட்டர் எங்கே ஒளிந்திருக்கிறது என்பது இன்னும் முக்கியம். 7 கி.மீ.க்குப் பரவியிருந்தால் அது 5 சதவீதச் சரிவு. உட்கார்ந்தபடியே மிதித்து ஏறிவிடலாம். 2.5 கி.மீ.க்குள் அடைந்து கிடந்தால் 14 சதவீதம். உதிரிச் சரளையில் பின்சக்கரம் பிடிமானம் இழந்து சுழலும், பழகியவர்களே இறங்கித் தள்ளுவார்கள். ஆகவே மொத்தக் கணக்கை ஒதுக்கிவிட்டு உயர வரைபடத்தைத் திறந்து பாருங்கள். மிகச் செங்குத்தான பகுதி எது, அது ஏற்றமா இறக்கமா, தெம்பு இருக்கும்போது வருகிறதா களைத்த பிறகு வருகிறதா? டிரெயில் உங்களுக்கு ஏற்றதா என்பதை அந்த ஒரு பகுதியை வைத்தே முடிவுசெய்யுங்கள். மீதி வழி எவ்வளவு சுலபமாக இருந்தாலும் அதைக் கடக்காமல் வீடு திரும்ப வழியில்லை.

நிறத்தைப் பார்த்ததோடு நிறுத்திவிடுவது

டிரெயிலின் கடினத்தைக் காட்ட வட அமெரிக்காவில் பரவலாக இருக்கும் நிறக் குறியீடு, பனிச்சறுக்குச் சரிவுகளின் அடையாளங்களைத் தழுவி சர்வதேச மவுண்டன் பைக் சங்கம் வகுத்தது. வெள்ளை வட்டம், பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம், இரட்டைக் கறுப்பு வைரம் என்று கடினம் கூடிக்கொண்டே போகும். பச்சையில் தடம் 90 செ.மீ. அகலமாவது இருக்க வேண்டும்; சராசரிச் சரிவு 5 சதவீதத்துக்குள், விலகிப்போக முடியாத தடைகள் 5 செ.மீ. உயரத்துக்குள். நீலத்தில் அகலம் 60 செ.மீ. வரை குறுகலாம், சரிவு 10 சதவீதம் வரை, தடைகள் 20 செ.மீ. வரை. கறுப்பில் தடம் 30 செ.மீ.தான் இருக்கலாம், தடைகள் 38 செ.மீ. வரை எழும்பும். பச்சையிலிருந்து நீலத்துக்குப் போகும்போது தடையின் உயரம் நான்கு மடங்காகிறது. பச்சையில் சுகமாக ஓட்டியவர் நீலத்தின் முதல் கல்படியில் திகைத்து நிற்பது இதனால்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிரிட்டனில் நீலத்துக்கும் கறுப்புக்கும் நடுவே சிவப்பு உண்டு. அதனால் அங்குள்ள நீலமும் அமெரிக்க நீலமும் ஒன்றல்ல. ஆல்ப்ஸ் பகுதியில் எஸ்0 முதல் எஸ்5 வரை தனி அளவுகோல் இருக்கிறது. புதிய இடத்துக்குப் போனால் உங்கள் வழக்கமான நிறத்திலிருந்து ஒரு படி கீழே இறங்கித் தொடங்குங்கள். முதல் அரை மணி நேரத்திலேயே அந்த ஊர்க் கணக்கு புரிந்துவிடும்.

நிறத்தால் சொல்ல முடியாதது இன்னொன்று: இன்றைய நிலை. காய்ந்த நாளில் கவனிக்காமலே ஏறிக் கடந்த வேர், ஈரமானால் சோப்புத் தடவியதுபோல் வழுக்கும். வேரைக் குறுக்காக, செங்கோணத்தில் கடக்க வேண்டும். சக்கரம் அதன் மேல் இருக்கும் நொடியில் பிரேக்கைத் தொடக் கூடாது. சாய்வாகப் போய் வேரின் நீளவாக்கில் ஏறினால் முன்சக்கரம் அப்படியே பக்கவாட்டில் நழுவும்.

கால் பலத்தைத் திறமை என்று எண்ணுவது

சாலையில் நூறு கி.மீ. ஓட்டுபவர் ஏற்றத்தில் எல்லோரையும் முந்திவிடுவார். இறக்கத்துக்குத் தேவையானது வேறு வகைத் தேர்ச்சி, அது கால் பலத்தோடு சேர்ந்து வருவதில்லை. நீலத்துக்குப் போகும் முன் பச்சையிலேயே சிலவற்றைச் சோதித்துப் பாருங்கள். பெடல்களைக் கிடைமட்டமாக வைத்து எழுந்து நின்றபடி, இரு பிரேக்கையும் ஒவ்வொரு விரலால் மட்டும் பிடித்து, சக்கரம் இழுபடாமல் சரிவில் நினைத்த இடத்தில் நிற்க முடிகிறதா? ஒரு நடைபாதை விளிம்பின் உயரமுள்ள படியிலிருந்து பதறாமல் உருண்டு இறங்க முடிகிறதா? குறுகிய கொண்டை ஊசி வளைவில் கால் ஊன்றாமல் திரும்ப முடிகிறதா? மூன்றும் இருபுறமும், பத்துக்கு எட்டு முறையாவது வந்தால் கிளம்பலாம்.

கறுப்பு ஓட்டுபவர்களின் தவறு வேறு மாதிரி. தெரியாத டிரெயிலை முதல் முறையே தெரிந்த வேகத்தில் ஓட்டுவார்கள். முதல் சுற்று பார்ப்பதற்கு மட்டும். ஒவ்வொரு பெரிய தடைக்கும் முன்னால் இறங்கி, நுழைவு, இறங்கும் இடம், அதற்குப் பின் பிரேக் பிடிக்க மிச்சமிருக்கும் தூரம் மூன்றையும் நடந்து பாருங்கள். படி உருண்டு இறங்கக்கூடியதா, குதித்தே தீர வேண்டியதா என்பதைக் கீழே நின்று பார்த்தால்தான் தெரியும். குதிக்க வேண்டிய படியில் மெதுவாக உருண்டால் முன்சக்கரம் கீழே விழுந்து, பெடலோடு சுழலும் பற்சக்கரமான செயின்ரிங் படியின் விளிம்பில் இடித்து நிற்கும், ஆள் ஹேண்டில்பாருக்கு மேலே பறப்பார். பக்கவழி இருந்தால் அதையும் பார்த்து வையுங்கள்.

இறக்கத்தில் பின்னால் தொங்குவது

"செங்குத்தா இருக்கா, பின்னாடி போ" என்ற அறிவுரையைக் கேட்காதவர் இல்லை. ஆனால் பின்சக்கரத்துக்கு மேல் பிட்டம் போகும் அளவுக்குச் சாய்ந்தால் முன்சக்கரத்தின் மேல் எடை இராது. எடை இல்லாத சக்கரம் திருப்பினால் திரும்பாது, பிரேக் பிடித்தால் நழுவும். கைகளும் முழுக்க நீண்டுவிடுவதால் அடுத்த பள்ளத்தில் ஹேண்டில்பார் ஆளையே முன்னால் இழுக்கும். இடுப்பை மடக்கி மார்பைத் தாழ்த்துங்கள், முழங்கைகளை வெளிப்புறமாக வளையுங்கள், குதிகாலைச் சற்றுக் கீழே அழுத்துங்கள். எடை முழுவதும் பாதத்தில் இருக்கிறதா என்பதற்கு எளிய சோதனை: உள்ளங்கை ஹேண்டில்பாரை அழுத்தவும் கூடாது, இழுக்கவும் கூடாது.

சீட் உயரமாக இருந்தால் இதில் எதுவும் நடக்காது. பொத்தானில் இறங்கும் டிராப்பர் போஸ்ட் இல்லாதவர்கள், இறக்கத்துக்கு முன் நின்று சீட்டை 8 முதல் 10 செ.மீ. இறக்குங்கள். மிதிக்கும் உயரத்தில் சீட் போஸ்டைச் சுற்றி ஒரு டேப் ஒட்டிவைத்தால் திரும்ப ஏற்றும்போது அளக்க வேண்டியதில்லை.

பிரேக்கை இறக்கம் முழுவதும் லேசாகப் பிடித்துக்கொண்டே வருவதும் பரவலான பழக்கம். டிஸ்க் சூடேறிப் பிடிப்பு குறையும், முன்கை இறுகி விரல் மரத்துப்போகும். நேரான பகுதியில் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் விடுங்கள். டயருக்கு உள்ள பிடிமானம் ஒரு பங்குதான். அதில் பிரேக் எடுத்துக்கொண்டது போக மீதிதான் திரும்புவதற்குக் கிடைக்கும். வேகத்தைக் குறைக்கும் பெரும்பங்கு முன்பிரேக்குடையது. அதற்குப் பயந்து பின்பிரேக்கை மட்டும் பிடித்தால் சக்கரம் இழுபட்டுத் தடத்தையும் உழுதுபோடும்.

டயரில் கல்லுப்போல் காற்று

டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவுவரை காற்றடிப்பது சாலைப் பழக்கம். 70 முதல் 80 கிலோ எடையுள்ளவர், 2.3 அல்லது 2.4 அங்குல டியூப்லெஸ் டயரில் முன்னால் 22, பின்னால் 25 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைத்துத் தொடங்கலாம். டியூப் போட்டிருந்தால் 4 பிஎஸ்ஐ கூட்டுங்கள்; குறைந்தால் கல்லில் மோதும்போது டியூப் ரிம்மில் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் அருகருகே இரண்டு ஓட்டை விழும். ரிம் கல்லில் இடிக்கும் ஓசை கேட்டால் 2 பிஎஸ்ஐ ஏற்றுங்கள். சைக்கிள் கூழாங்கல்லில் துள்ளித் துள்ளிப் போனால் 2 இறக்குங்கள். வழியில் மாற்றியதைக் குறித்துவையுங்கள்.

ஈரத் தடம்

டயர் போன வழி ஒரு செ.மீ.க்கு மேல் பதிந்தால் அன்று திரும்பிவிடுவதே சரி. அந்தப் பள்ளம் காய்ந்து இறுகி, அடுத்த மழைநீருக்கு வாய்க்காலாகும். வழியில் குட்டை வந்தால் சுற்றிப்போகாமல் ஊடே மெதுவாகப் போங்கள், ஆழம் தெரியாவிட்டால் இறங்கித் தள்ளுங்கள். பத்துப் பேர் சுற்றிப்போனால் ஒற்றையடித் தடம் வண்டிப்பாதை ஆகிவிடும்.

கலவையான குழுவை ஒரே வேகத்தில் ஓட்டுவது

முன்னால் வழி தெரிந்த ஒருவர், கடைசியில் பழுதுபார்க்கத் தெரிந்த ஒருவர். பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும் வரும்வரை நிற்பது கட்டாயம். இங்கே நடக்கும் அநியாயம், கடைசி ஆள் மூச்சிரைக்க வந்து சேர்ந்த நொடியே ஓய்வெடுத்து முடித்தவர்கள் கிளம்பிவிடுவது. மிகவும் களைத்தவருக்கு ஓய்வே கிடைப்பதில்லை, விழுவதும் அவர்தான். அவர் தண்ணீர் குடித்து, மூச்சு சீராகி, "போகலாம்" என்று சொன்ன பிறகு நகருங்கள். இறக்கத்தில் முன்னால் போகிறவர் திடீரென நின்றாலும் மோதாத இடைவெளி விடுங்கள். ஏறி வருபவருக்கும் நடப்பவருக்கும் குதிரைக்கும் வழி விட வேண்டியது நீங்கள்தான்.

திரும்பி வரும் கணக்கை விட்டுவிடுவது

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர், வெயிலில் அதற்கும் மேல். பாதித் தண்ணீர் தீரும்போது பாதி வழி வந்திருக்காவிட்டால் திரும்புங்கள். வரைபடத்தைப் போனில் முன்கூட்டியே இறக்கிவையுங்கள், சிக்னல் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். பையில் மல்டிடூல் (பல கருவிகள் அடங்கிய மடக்குக் கருவி), டயரைக் கழற்றும் லீவர் இரண்டு, பம்பு, ஒரு டியூப் இருக்கட்டும். டியூப்லெஸ் ஓட்டுபவருக்கும் டியூப் வேண்டும், ஏனெனில் டயரின் பக்கச்சுவர் கிழிந்தால், உள்ளே ஊற்றியிருக்கும் ஓட்டை அடைக்கும் திரவமான சீலன்ட் அடைக்காது. செயினை இணைக்கும் குவிக் லிங்க் உங்கள் கியர் எண்ணிக்கைக்குப் பொருந்தியதாக இருக்க வேண்டும், 10 கியர் லிங்க் 12 கியர் செயினுக்கு உதவாது. பின்கியர் மாற்றியைச் சட்டகத்தோடு இணைக்கும் துண்டான டீரெய்லர் ஹேங்கர் ஒவ்வொரு சட்டகத்துக்கும் ஒவ்வொரு வடிவம் என்பதால் அவசரத்தில் யாரிடமும் கடன் வாங்க முடியாது; உங்களுடையதை ஒன்று வாங்கிப் பையிலேயே போட்டுவையுங்கள்.

நாள் முடிவில் "இன்னும் ஒரு சுற்று" என்று ஏறும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். கையை உதறிவிட்டு பிரேக் லீவரை ஒற்றை விரலால் இருபது முறை முழுவதும் அழுத்திப் பாருங்கள். விரல் தளர்ந்தாலோ முன்கை இறுகினாலோ அன்றைய கடைசி இறக்கம் பச்சையில் இருக்கட்டும்.