வீட்டை வாடகைக்கு விடும் உரிமையாளர் சட்டப்படி செய்ய வேண்டியவை

தமிழ்நாட்டில் வீட்டை வாடகைக்கு விடுபவர்களில் பலர், முத்திரைத்தாளில் 11 மாத ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்றே இன்றும் எண்ணுகிறார்கள். ஓராண்டுக்குக் குறைவான குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டாயமாகப் பதிய வேண்டியதில்லை என்பதால் வந்த பழக்கம் அது. ஆனால் 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், ஒப்பந்தக் காலம் எவ்வளவு குறுகியதாக இருந்தாலும் அது எழுத்தில் இருக்க வேண்டும் என்றும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் பெற வேண்டும் என்றும் கூறுகிறது.

ஒப்பந்தம் கையெழுத்தான 90 நாட்களுக்குள் அரசின் இணையதளம் வழியாகவே இதற்கு விண்ணப்பிக்கலாம். பதிவு செய்யாத ஒப்பந்தத்தைப் பின்னாளில் வழக்கில் சான்றாகக் காட்ட முடியாமல் போகும் என்பதால், இந்தப் பதிவு வாடகைதாரரைவிட உரிமையாளருக்கே அதிகம் தேவை என்பது என் கருத்து.

ஒப்பந்தத்தில் வாடகைத் தொகை, அது எந்த மாதத்திலிருந்து எவ்வளவு உயரும், பராமரிப்புக் கட்டணம் யாருடையது ஆகியவற்றை ஐயத்துக்கு இடமின்றி எழுதுங்கள். முன்பணம், வேறு உடன்பாடு இல்லாதபோது, மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது. வீடு காலியான ஒரு மாதத்துக்குள், நிலுவை இருந்தால் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தர வேண்டும். கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுது, சுவருக்கு வெள்ளையடித்தல், குழாய்களையும் மின்கம்பிகளையும் மாற்றுதல் போன்றவை உரிமையாளரின் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு போன்ற சில்லறைப் பழுதுகளைக் குடியிருப்பவர் பார்த்துக்கொள்வார். பெரும்பாலான சச்சரவுகள் இந்தச் சில்லறைகளில்தான் தொடங்குகின்றன; ஆகவே சாவியைக் கொடுக்கும் நாளில் ஒவ்வோர் அறையையும் படம் எடுத்து இருவரும் வைத்துக்கொள்வது நல்லது. வாடகை பெற்றதற்கு ரசீது தருவதும், வீட்டைப் பார்வையிடச் செல்வதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே எழுத்தில் தெரிவிப்பதும் கடமைகள்.

காலி செய்ய வைப்பதில்தான் உரிமையாளர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். இரண்டு மாத வாடகை நிலுவையாகி, எழுத்தில் கேட்ட பின்னும் ஒரு மாதத்துக்குள் செலுத்தாமை, அனுமதியின்றி உள்வாடகைக்கு விடுதல், வீட்டைத் தவறாகப் பயன்படுத்துதல், சொந்தக் குடியிருப்புக்குத் தேவைப்படுதல் போன்ற காரணங்கள் இருந்தால் வாடகை நீதிமன்றத்தை அணுகலாம். உத்தரவு வரும்வரை தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக்கூடாது. கோபத்தில் மோட்டாரை நிறுத்தினால், வாடகையே தராதவர்கூட உங்கள்மீது வாடகை அதிகாரியிடம் புகார் கொடுத்து இணைப்பை மீட்டுக்கொள்ள முடியும். அதன்பின் நிலுவையைப் பற்றிப் பேச வேண்டிய நீங்கள் உங்கள் செயலுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.