மார்பகப் புற்றுநோய்க்கான ஹார்மோன் மாத்திரைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து, இனி தினம் ஒரு மாத்திரை போதும் என்று மருத்துவர் எழுதிக்கொடுக்கும்போது, பலர் அதைச் சத்து மாத்திரைக்குச் சமமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கட்டியின் செல்களில், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. அந்த ஹார்மோன்தான் நோய் வளரத் துணைபோகிறது. அந்த ஏற்பிகளை அடைத்து நிற்கும் தமாக்சிஃபென் மாத்திரையை 5 ஆண்டுகள் எடுத்துக்கொண்ட இத்தகைய பெண்களிடையே, 15 ஆண்டுகளில் இந்நோயால் நேரும் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. கீமோவைப் போலவே இதுவும் முழுமையான சிகிச்சைதான்.

யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்துவதே முதல் தவறு. மோசமான தவறும் அதுவே. உடலில் ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியைக் குறைக்கும் லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல் மாத்திரைகளை எடுப்பவர்களுக்குக் காலையில் விரல்கள் மடங்காமல் இறுகி, டம்ளரைப் பிடிப்பதற்கே சிரமமாக இருக்கலாம். தமாக்சிஃபெனில் திடீர் திடீரென்று உடம்பெங்கும் அனல் பரவி வியர்த்துக் கொட்டும். ‘ஸ்கேனில் ஒன்றும் இல்லையே, இதை ஏன் தாங்க வேண்டும்?’ என்ற எண்ணம் வருவது இயல்புதான். ஆனால் இவ்வகைப் புற்றுநோய் 5 ஆண்டுகள் கழித்தும், சிலருக்கு 15, 20 ஆண்டுகள் கழித்தும் திரும்பக்கூடியது. நிறுத்திவிட்டு, மருத்துவரிடம் ‘எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்’ என்று சொல்வது இன்னும் ஆபத்தானது. தொல்லையை வாய்விட்டுச் சொன்னால் வழி உண்டு: ஒழுங்கான உடற்பயிற்சி மூட்டுவலியைத் தணிக்கும்; மருத்துவர் லெட்ரோசோல் வகையையே சேர்ந்த எக்ஸிமெஸ்டேனுக்கோ தமாக்சிஃபெனுக்கோ மாற்றியும் தரலாம்.

இரண்டாவது, மற்றவருக்கு எழுதிய மருந்தே நமக்கும் பொருந்தும் என்று நினைப்பது. லெட்ரோசோல், சினைப்பை ஓய்ந்த பெண்களுக்கான மருந்து. சினைப்பை இயங்கும் பெண்ணுக்கு அதை மட்டும் கொடுத்தால், ஈஸ்ட்ரோஜன் குறைவதை உணர்ந்து மூளை சினைப்பையை மேலும் தூண்டிவிடும். குழந்தையின்மைச் சிகிச்சையில் கருமுட்டை வளர இதே மாத்திரையைச் சில நாட்களுக்குக் கொடுப்பது அதனால்தான். ஆகவே இளம் பெண்களுக்கு இதை எழுதும்போது, சினைப்பையை அடக்கும் ஊசியையும் சேர்த்தே கொடுப்பார்கள். அந்த ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. கீமோவுக்குப் பின் மாதவிடாய் வராததைக் கொண்டு மட்டும் சினைப்பை ஓய்ந்துவிட்டது என்று முடிவுகட்டவும் கூடாது. பல மாதங்கள் கழித்து அது மீண்டும் இயங்கலாம் என்பதால் இரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் அளவைப் பார்க்க வேண்டியிருக்கும்.

அதே காரணத்தால், மாதவிடாய் இல்லாத நிலையிலும் கருத்தரிக்க வாய்ப்புண்டு. தமாக்சிஃபென் கருவைப் பாதிக்கக்கூடியது. கருத்தடை மாத்திரைகளோ ஹார்மோன் கலந்தவை என்பதால் இங்கு ஆகா. காப்பர்-டி போன்ற ஹார்மோன் இல்லாத முறைகளே ஏற்றவை. குழந்தை வேண்டுமென்றால் மனதுக்குள் வைத்துக்கொள்ளாமல் முன்கூட்டியே பேசுவது நல்லது. 18 முதல் 30 மாதங்கள் சிகிச்சை எடுத்த இளம் பெண்கள், கருத்தரிப்பதற்காக மருத்துவர் மேற்பார்வையில் அதைத் தற்காலிகமாக நிறுத்தியபோது, குறுகிய காலத்தில் நோய் திரும்புவது கூடவில்லை என்று 2023-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

வேறு மருந்துகளை மறைப்பதும் தவறு. மனச்சோர்வுக்கான பராக்சிடின், ஃப்ளூஆக்சிடின் ஆகியவை, தமாக்சிஃபென் உடலுக்குள் வீரியமுள்ள வடிவமாக மாறுவதைத் தடுக்கின்றன. குழம்பில் போடும் மஞ்சளைப் பற்றிக் கவலை வேண்டாம். மிளகுச் சத்து கலந்த மஞ்சள் மாத்திரைகளோ அந்த வீரிய வடிவத்தின் அளவை ஓரளவு குறைப்பதாகத் தெரியவந்துள்ளது.

தமாக்சிஃபென் எடுக்கையில், மாதவிடாய் நின்ற பிறகு சொட்டு இரத்தம் பட்டாலும் கருப்பையைப் பரிசோதிக்க வேண்டும். ஒரு காலில் மட்டும் வீக்கமோ திடீர் மூச்சுத்திணறலோ வந்தால் இரத்தக்கட்டாக இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். லெட்ரோசோல் வகை மருந்துகள் எலும்பைத் தேய்ப்பதால், அவற்றைத் தொடங்கும்போதே எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்து வைத்துக்கொண்டால்தான், பின்னர் எடுப்பதோடு ஒப்பிட்டுத் தேய்மானத்தை அளக்க முடியும்.