மைலோ டின்னுக்குள் 5,730 ஆண்டு: கார்பன் காலக்கணிப்பை வீட்டில் செய்து பார்க்கலாம்

பினாங்கின் பெருநிலப் பக்கம், கெப்பாலா பத்தாஸ் வட்டாரத்தில் குவார் கெப்பா என்று ஓர் இடம். 2017-இல் அங்கே ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. 'பினாங்குப் பெண்' என்று பெயர் வைத்து, வயது சுமார் 5,700 ஆண்டு என்றார்கள். "எலும்புல பிறப்புச் சான்றிதழா ஒட்டியிருந்துச்சு மாமா?" என்று கேட்டான் என் தங்கை மகன். வாயால் விளக்கினேன், தலையைத் தலையை ஆட்டினான், ஒன்றும் ஏறவில்லை. அப்புறம்தான் மைலோ டின்னை எடுத்தேன்.

தேவையானவை: மூடியோடு காலி டின், பத்து காசு 100 (மொத்தமே பத்து வெள்ளிதான்), கட்டம் போட்ட தாள்.

படி 1: காசுகளை டின்னில் போட்டு மூடுங்கள். ஒவ்வொரு காசும் ஒரு கார்பன்-14 அணு, அதாவது தானாகச் சிதையும் ஒருவகைக் கார்பன். உயிரோடு இருக்கும்வரை சாப்பாட்டு வழியாக இது உடம்புக்குள் வந்துகொண்டே இருக்கும். செத்ததும் வரத்து நின்றுவிடும், உள்ளே இருப்பது கொஞ்சம் கொஞ்சமாக நைட்ரஜனாக மாறிக் குறையும். டின்னை மூடியதுதான் சாவு.

படி 2: நன்றாகக் குலுக்கித் தரையில் கொட்டுங்கள். (ராத்திரியில் வேண்டாம், கீழ்வீட்டு அக்கா மேலே வந்துவிட்டார்.) எண் தெரிகிற காசெல்லாம் சிதைந்த அணு, ஒதுக்கிவிடுங்கள். மீதியை எண்ணி எழுதி, அதை மட்டும் திரும்பப் போட்டுக் குலுக்குங்கள், காசு தீரும்வரை.

எங்களுக்கு வந்தது 53, 24, 13, 5, 3, 1, பிறகு பூஜ்யம். கணக்காக 50, 25 என்று வரவில்லையே என்று பையனுக்கு வருத்தம். எந்தக் காசு எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது, கூட்டமாகப் பார்த்தால்தான் பாதிக்குப் பாதி. ஆய்வுக்கூடம் தரும் வயதுக்குப் பின்னால் 'கூடக் குறைய இத்தனை ஆண்டு' என்று போடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 3: ஒரு குலுக்கல் 5,730 ஆண்டு, கார்பன்-14 பாதியாகக் குறைய அவ்வளவு காலம் ஆகும். எண்களைத் தாளில் குறித்து வளைகோடு போடுங்கள். பினாங்குப் பெண் ஏறக்குறைய ஒரே குலுக்கல். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் சுரைனா மஜிட் குழு 1990களின் தொடக்கத்தில் லெங்கோங் குகையில் தோண்டியெடுத்த 'பேராக் மனிதன்' எலும்புக்கூட்டுக்கு 10,000, 11,000 ஆண்டு, அதாவது இரண்டு குலுக்கலுக்குக் கொஞ்சம் குறைவு. 30 காசு மிஞ்சினால்? கோட்டில் பாருங்கள், சுமார் 1.7 குலுக்கல் வரும். 5,730-ஆல் பெருக்கினால் பத்தாயிரத்தை ஒட்டி நிற்கும்.

படி 4: இங்கேதான் பலர் ஏமாறுவார்கள். நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் எலும்பில் சோதிக்க வேண்டிய கொலாஜன் என்ற புரதம் சீக்கிரம் கெட்டுவிடும், அதனால் கூடவே கிடக்கும் சிப்பியைச் சோதிப்பதுண்டு. கெப்பா என்றாலே மலாயில் மட்டிதான், குவார் கெப்பாவே சிப்பி மேடு. ஆனால் கடல்நீரில் ஆழத்திலிருந்து மேலே வரும் பழைய கார்பனும் கலந்திருக்கும், அந்தக் காலத்து மட்டி செத்த அன்றே சராசரியாக 400 ஆண்டுப் பழசு மாதிரி காட்டியிருக்கும். டின்னை மூடும்போதே ஐந்து காசை உருவிவிட்டு, மிஞ்சும் 95-ஐக் கோட்டில் பாருங்கள், குலுக்கும் முன்பே சுமார் 400 ஆண்டு காட்டும், அந்தக் கோளாறு கண்ணுக்குத் தெரியும். அதைக் கழித்துத்தான் வயது சொல்கிறார்கள்.

1974-இல் எத்தியோப்பியாவில் கிடைத்த, மனிதனின் ஆதி உறவான 'லூசி' எலும்புக்கூட்டுக்கு 32 லட்சம் ஆண்டு. ஐந்நூற்றைம்பது குலுக்கலுக்கு மேல் வேண்டும், நமக்கோ ஏழாவதிலேயே டின் காலி; கார்பனும் சுமார் 50,000 ஆண்டோடு கையை விரித்துவிடும். அதனால் லூசிக்கு எலும்பை விட்டுவிட்டு, சுற்றியிருந்த எரிமலைச் சாம்பலைச் சோதித்தார்கள். அதில் உள்ள பொட்டாசியம்-40 பாதியாகக் குறைய 125 கோடி ஆண்டு ஆகும்.