இடைக்கால அரசின் சீர்திருத்தம் நிலைக்குமா? எடைபோட்டுப் பார்க்கும் முறை

ஆட்சி கவிழ்கிறது. தேர்தலில் நிற்காத சிலர் பொறுப்பேற்று, அரசியலமைப்பு முதல் காவல் துறை வரை எல்லாவற்றையும் திருத்தப்போவதாக அறிவிக்கிறார்கள். இவற்றில் எது நிற்கும், எது விழும் என்பதை அறிவிப்பு வந்த அன்றே பெருமளவு கணித்துவிடலாம். அதற்குக் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: தேர்தல் முடிந்த மறுநாள் இந்தச் சீர்திருத்தம் உயிரோடு இருக்க யாருடைய சம்மதம் வேண்டும், அந்த ஆள் இதனால் எதை இழக்கிறார்?

இதைப் பழகிப் பார்க்க வங்கதேசத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை. 1990–91, 2007–08, 2024–26 என்று மூன்று முறை, மக்கள் தேர்ந்தெடுக்காதவர்கள் அங்கே ஆட்சியை ஏந்திப் பிடித்துத் தேர்தல் நடத்தியிருக்கிறார்கள். 1996-லும் 2001-லும் ஆட்சிக்கு வந்த காபந்து அரசுகள் 90 நாளில் தேர்தலை முடித்துக்கொடுத்தன. சீர்திருத்தம் அவற்றின் வேலையே அல்ல என்பதால் இங்கே அவற்றை விட்டுவிடலாம்.

முதல் படி: அதிகாரம் எந்தத் தாளில் இருக்கிறது?

அரசியலமைப்பில் இடைக்கால அரசுக்கு இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வங்கதேசத்தில் 1996-ன் 13-வது திருத்தம் காபந்து அரசுக்கு இடம் கொடுத்தது. 2011-ன் 15-வது திருத்தம் அதை நீக்கியது. ஆகவே 2024 ஆகஸ்ட் 5 அன்று பிரதமர் ஷேக் ஹசீனா நாட்டைவிட்டு வெளியேறியபோது, அடுத்து என்ன என்று சொல்லும் பிரிவே இல்லை. குடியரசுத் தலைவர் 106-வது பிரிவின்கீழ் உச்ச நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்டார். அந்தக் கருத்தின் பலத்தில் ஆகஸ்ட் 8 அன்று முகமது யூனுஸ் தலைமை ஆலோசகராக, அதாவது இடைக்கால அரசின் தலைவராகப் பதவியேற்றார்.

நீதிமன்றத்தின் கருத்து ஆட்சியை நடத்தப் போதும். ஆனால் அந்த ஆட்சி செய்தவற்றுக்குப் பின்னால் வரும் நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தாக வேண்டும். அந்த ஒப்புதல் முன்கூட்டியே பேசி முடிக்கப்பட்டதா என்பதுதான் அடுத்துப் பார்க்க வேண்டியது. 1990 நவம்பரில், குடியரசுத் தலைவராக ஆண்டுகொண்டிருந்த எர்ஷாத்தை எதிர்த்த மூன்று கூட்டணிகளும், அவர் போன பின் யார் ஆள்வது, எப்படித் தேர்தல் நடத்துவது என்று ஒரு கூட்டுத் திட்டத்தை வெளியிட்டிருந்தன. டிசம்பர் 6-ல் தலைமை நீதிபதி ஷஹாபுதீன் அகமது பொறுப்பேற்றார். 1991 பிப்ரவரி 27-ல் தேர்தல் நடந்தது. புதிய நாடாளுமன்றம் 11-வது திருத்தத்தால் அவருடைய செயல்களை ஏற்று, அவர் தலைமை நீதிபதி பதவிக்கே திரும்பவும் வழி செய்தது. அவர் தானாக எந்தப் பெரிய மாற்றத்தையும் திணிக்கவில்லை. குடியரசுத் தலைவர் ஆட்சியிலிருந்து நாடாளுமன்ற ஆட்சிக்கு மாறும் 12-வது திருத்தத்தைத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவையே அதே ஆண்டில் நிறைவேற்றியது.

இரண்டாம் படி: சீர்திருத்தங்களை நான்கு குவியலாகப் பிரியுங்கள்

அறிவிப்புப் பட்டியலை எடுத்து ஒவ்வொரு வரியையும் நான்கில் ஒன்றில் போடுங்கள். நிர்வாக உத்தரவால் முடிபவை, அவசரச் சட்டத்தால் முடிபவை, அரசியலமைப்புத் திருத்தம் தேவைப்படுபவை, கட்சிகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ள வேண்டியவை. நான்காவது குவியலை உடனே ஓரமாக வைத்துவிடலாம். உட்கட்சித் தேர்தல், தலைமைப் பதவியில் வாரிசு போன்றவற்றை வெளியிலிருந்து ஆணையிட்டு மாற்ற முடியாது.

அடுத்து இரண்டாவது, மூன்றாவது குவியல்களின் எல்லையைக் கவனியுங்கள். வங்கதேச அரசியலமைப்பின் 93-வது பிரிவு அவசரச் சட்டத்தால் அரசியலமைப்பை மாற்றவோ நீக்கவோ கூடாது என்று நேராகவே தடுக்கிறது. அரசியலமைப்பைத் திருத்த 142-வது பிரிவின்படி மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். நேரடித் தொகுதிகள் 300, பெண்களுக்கான ஒதுக்கீட்டு இடங்கள் 50, ஆக 350. அதில் 234 பேர். இடைக்கால அரசிடம் ஓர் உறுப்பினர்கூட இல்லை. ஆகவே மூன்றாவது குவியலில் உள்ள எதையும் ‘நிறைவேற்றினார்கள்’ என்று எழுதுகிற செய்தியை நம்ப வேண்டாம். அவர்கள் செய்யக்கூடியது முன்மொழிவது மட்டுமே.

மூன்றாம் படி: 30 நாள் கணக்கு

சீர்திருத்தங்களில் பெரும்பாலானவை சாவது இங்கேதான். அதே 93-வது பிரிவின்படி, அவசரச் சட்டத்தை நாடாளுமன்றத்தின் முதல் கூட்டத்தில் வைக்க வேண்டும். வைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அதைச் சட்டமாக நிறைவேற்றாவிட்டால் காலாவதி. எதிர்த்து வாக்களிக்கக்கூடத் தேவையில்லை, சும்மா இருந்தாலே போதும். இது தமிழ் வாசகர்களுக்குப் புதிதல்ல. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்கு அவசரச் சட்டம் வந்த பிறகும் மெரினாவில் இருந்தவர்கள் நிரந்தரச் சட்டம் கேட்டு நகர மறுத்தது இதே கணக்கை அறிந்துதான். அங்கே சட்டமன்றம் இரண்டே நாளில் கூடிச் சட்டம் இயற்றியது. டாக்காவில் அப்படி அவசரப்படுத்த யாரும் இருப்பதில்லை.

2007–08-ல் பக்ருதீன் அகமதுவின் ராணுவ ஆதரவு பெற்ற அரசு 122 அவசரச் சட்டங்கள் போட்டது. 2009-ல் வந்த நாடாளுமன்றம் அவற்றில் 54-ஐ ஏற்றது. பாதிக்கும் கீழே. எவை விழுந்தன என்று பார்த்தால் காரணம் தெரிந்துவிடும்.

‘யாருக்கும் வாக்கில்லை’ என்ற வாய்ப்பு 2008 தேர்தலில் வாக்குச்சீட்டில் இருந்தது, 2009-ல் எடுத்துவிட்டார்கள். அந்த வாய்ப்பால் சங்கடப்படுவது வேட்பாளர். உபஜில்லா எனப்படும் வட்டார மன்றங்களுக்குச் சுயமாக இயங்கும் அதிகாரம் தந்த அவசரச் சட்டத்தை ஏற்கவில்லை. அதற்குப் பதில் தொகுதி எம்.பி.யை மன்றத்தின் ஆலோசகராக்கி, அவர் ஆலோசனையைக் கேட்டே தீர வேண்டும் என்று சட்டம் வந்தது. சாலையும் பள்ளிக்கூடமும் யார் பெயரில் வருகிறது என்பது எம்.பி.க்கு வாழ்வா சாவா விஷயம். அதை இழக்க அவரே கை தூக்குவார் என்று எதிர்பார்த்தது அந்த அரசின் பிழை.

தப்பியவற்றிலும் ஏமாறாதீர்கள். மனித உரிமை ஆணையம் 2009-ல் சட்டமானது. ஆனால் அந்தச் சட்டப்படி, பாதுகாப்புப் படையினர்மீது புகார் வந்தால் ஆணையம் அரசிடம் அறிக்கை கேட்கலாம், அவ்வளவுதான். நேரடியாக விசாரிக்கும் அதிகாரத்தை அது தரவில்லை. சீர்திருத்தம் நிராகரிக்கப்பட்டுச் சாவது ஒரு வழி, பல் பிடுங்கப்பட்டு உயிர் வாழ்வது இன்னொரு வழி. இரண்டாவது வெளியே தெரிவதில்லை என்பதால் அதுவே கூடுதல் ஆபத்து.

நான்காம் படி: திரும்பப் பெற முடியாததை அடையாளம் காணுங்கள்

2006-ல் இருந்த வாக்காளர் பட்டியலில் சுமார் 9.3 கோடிப் பெயர்கள். அதில் ஒரு கோடிக்கும் மேல் மிகை என்று கண்டறியப்பட்டது. பக்ருதீன் அரசின் காலத்தில் தேர்தல் ஆணையம் ராணுவத்தின் உதவியோடு மடிக்கணினியும் கேமராவும் எடுத்துப் போய், புகைப்படமும் கைரேகையும் பதிந்து, சுமார் 8.1 கோடிப் பேரின் புதிய பட்டியலைத் தயாரித்தது. இது ஏன் நிலைத்தது? கூடவே தேசிய அடையாள அட்டை வந்தது. வங்கிக் கணக்குக்கும் சிம் கார்டுக்கும் அது தேவைப்பட்டது. அடுத்து வந்த எந்த ஆட்சிக்கும் அதைக் கலைப்பதில் லாபமில்லை, வைத்துக்கொள்வதில்தான் வசதி.

நீதித்துறைப் பிரிவினை இன்னொரு மாதிரி. கீழமை நீதிமன்றங்களை நிர்வாகத்திலிருந்து பிரிக்கச் சொல்லி 1999-ல் மஸ்தார் ஹுசைன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுகள் அவகாசம் கேட்டுக் கேட்டே ஏறக்குறைய ஏழு ஆண்டு கடத்தின. காபந்து அரசு 2007 நவம்பர் 1-ல் அதை நடைமுறைப்படுத்தியது. தீர்ப்பு கையில் இருந்ததால் பின்னால் வந்தவர்களால் நேரடியாக மாற்ற முடியவில்லை. ஆனால் நீதிபதிகளின் பணியிட மாற்றமும் ஒழுங்கு நடவடிக்கையும் 116-வது பிரிவின்கீழ் குடியரசுத் தலைவரிடமே இருந்தன; நடைமுறையில் சட்ட அமைச்சகத்திடம். பாதிக் கதவுதான் திறந்தது. மீதிப் பாதி அரசியலமைப்பில் இருந்ததால் அவசரச் சட்டம் எட்டவில்லை.

ஆகவே தேட வேண்டியவை: நீதிமன்ற ஆணை ஏற்கனவே உள்ள வேலைகள், மக்கள் அன்றாடம் பயன்படுத்தத் தொடங்கிவிடும் ஏற்பாடுகள், வெல்லப்போகிறவருக்கும் உதவக்கூடியவை. இடைக்கால அரசு தன் முதல் ஆறு மாதத்தை இவற்றில் செலவிட வேண்டும்.

இவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு. 2008-ன் சுத்தமான பட்டியல் இருந்தும் 2014 தேர்தலில் 300 தொகுதிகளில் 153-ல் போட்டியே இல்லாமல் எம்.பி.க்கள் வந்தார்கள். காபந்து அரசு முறையை 15-வது திருத்தம் எடுத்துவிட்டதால் முக்கிய எதிர்க்கட்சி தேர்தலையே புறக்கணித்தது. பட்டியலைக் காப்பாற்றியவர்களால் அதைப் பயன்படுத்தும் தேர்தலைக் காப்பாற்ற முடியவில்லை.

ஐந்தாம் படி: கையெழுத்துக்குக் கீழே உள்ள சிறிய எழுத்தைப் படியுங்கள்

யூனுஸ் அரசு பழைய பிழையிலிருந்து கற்றது. தானே சட்டம் போட்டுவிட்டுப் போகாமல், முதலில் ஆறு, பின்னர் ஐந்து என்று 11 சீர்திருத்த ஆணையங்களை அமைத்தது. முதல் ஆறில் காவல் துறை ஆணையம் தவிர்த்த ஐந்து ஆணையங்களின் அறிக்கைகளிலிருந்து 166 பரிந்துரைகளை எடுத்து, 2025 பிப்ரவரியில் தொடங்கிய தேசிய ஒருமித்த கருத்து ஆணையம் கட்சிகளுடன் மாதக்கணக்கில் பேசியது. 2025 அக்டோபர் 17 அன்று 84 அம்சங்களோடு ஜூலை தேசியச் சாசனம் கையெழுத்தானது. இது சரியான வேலை. சீர்திருத்தத்துக்குப் பின்னால் வெல்லக்கூடியவர்களின் கையெழுத்தை வாங்குவதைவிடப் பயனுள்ள முயற்சி வேறில்லை.

ஆனால் கையெழுத்துப் பக்கத்தோடு மாற்றுக் கருத்துக் குறிப்புகளும் இருந்தன. பிரதமராக இருப்பவர் கட்சித் தலைவராகவும் இருக்கக் கூடாது என்பதை, பெரிய கட்சியான பிஎன்பி (வங்கதேச தேசியவாதக் கட்சி) ஏற்கவில்லை. 100 பேர் கொண்ட மேலவையைக் கட்சிகள் பெற்ற வாக்கு விகிதப்படி நிரப்புவதையும் ஏற்கவில்லை. மாணவர் போராட்டத்திலிருந்து எழுந்த தேசிய குடிமக்கள் கட்சியோ, சட்டபூர்வ உறுதி இல்லை என்று அன்று கையெழுத்தே போடவில்லை. சாசனத்தை எடைபோடும்போது 84 என்ற எண்ணைப் பார்க்காமல், ஆட்சிக்கு வரக்கூடிய பெரிய கட்சி குறிப்பு எழுதாத அம்சங்களை மட்டும் எண்ணுங்கள். பிரதமர் பதவிக்கு 10 ஆண்டு உச்சவரம்பு, கட்சி மாறி வாக்களிக்கத் தடுக்கும் 70-வது பிரிவைத் தளர்த்துவது போன்றவற்றில் பரந்த இணக்கம் இருந்தது. நிலைக்க வாய்ப்புள்ளவை அவைதான்.

ஆறாம் படி: பொது வாக்கெடுப்பின் கேள்வியைச் சோதியுங்கள்

நவம்பர் 13 அன்று வந்த சாசன நடைமுறை ஆணை, தேர்தல் நாளிலேயே பொது வாக்கெடுப்பு என்றது, தேர்ந்தெடுக்கப்படும் எம்.பி.க்களே அரசியலமைப்புச் சீர்திருத்த மன்றமாகி 180 வேலை நாளில் முடிக்க வேண்டும் என்றும் சொன்னது. 2026 பிப்ரவரி 12 அன்று மக்களிடம் போனது ஒரே கேள்வி, ஆனால் அதற்குள் நான்கு விஷயங்கள். காபந்து அரசு வேண்டும், விகிதாசார மேலவை வேண்டாம் என்று நினைப்பவர் எங்கே முத்திரை குத்துவார்? ‘ஆம்’ என்ற பெரும்பான்மை எந்த அம்சத்துக்குக் கிடைத்தது என்று பின்னால் யாரும் நிரூபிக்க முடியாது. மாற்ற நினைக்கும் கட்சிக்கு அதுவே தப்பும் வழி.

இதற்கு நேர்மாறான உதாரணம் ஸ்பெயின். 1976 ஜூலையில் மன்னரால் பிரதமராக நியமிக்கப்பட்ட அடால்ஃபோ சுவாரெஸ், அந்த டிசம்பரில் வாக்கெடுப்புக்கு விட்ட அரசியல் சீர்திருத்தச் சட்டத்தில் மொத்தம் ஐந்தே பிரிவுகள். மக்கள் தேர்ந்தெடுக்கும் அவை ஒன்று வேண்டும், மற்றதை அந்த அவை பார்த்துக்கொள்ளும் என்பதே அதன் சாரம். 1977 ஏப்ரலில் கம்யூனிஸ்ட் கட்சியைச் சட்டபூர்வமாக்கினார், ஜூனில் தேர்தல். சிறிதாகக் கேட்டதால் முழுதாகக் கிடைத்தது.

கம்யூனிஸ்ட் கட்சியை உள்ளே கொண்டுவந்தது தற்செயல் அல்ல. யாரை வெளியே நிறுத்துகிறார்கள் என்பதையும் கணக்கில் எடுங்கள். வங்கதேசத்தில் 2025 மே மாதம் ஹசீனாவின் கட்சியான அவாமி லீக்கின் செயல்பாடுகளைத் தடை செய்து, அதன் பதிவும் நிறுத்தி வைக்கப்பட்டது. 2024 ஜூலையில் நடந்த கொலைகளுக்குத் தனிநபர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும். அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் ஒரு கட்சியின் வாக்காளர்கள் மொத்தமாக வெளியே இருந்தபோது எழுதிய விதிகளை, அந்தக் கட்சியோ அதன் வழித்தோன்றலோ திரும்பி வரும் நாளில் தங்களுடையதாக ஏற்காது. 2007-ல் ஹசீனாவையும் பிஎன்பி தலைவர் காலிதா ஜியாவையும் சிறையில் வைத்து அரசியலிலிருந்தே அகற்றப் பார்த்தார்கள். 2009-ல் பிரதமர் நாற்காலியில் அமர்ந்தவர் ஹசீனா.

ஏழாம் படி: கடிகாரம்

தேதி குறித்துவிட்டு வரும் அரசுக்கு அதிகாரம் குறைவு, நம்பகம் அதிகம். நேபாளத்தில் 2025 செப்டம்பர் 12 அன்று சுசீலா கார்க்கி இடைக்காலப் பிரதமராகப் பதவியேற்றபோதே 2026 மார்ச் 5 தேர்தல் தேதியாகிவிட்டது. பெரிய வாக்குறுதிகளுக்கு இடமே இல்லை. டாக்காவில் தேதி திறந்தே இருந்தது. 2025 ஜூனில் முதலில் ஏப்ரல் 2026 என்றார்கள். ஒரு வாரத்தில் யூனுஸ் லண்டனில் பிஎன்பியின் செயல் தலைவர் தாரிக் ரஹ்மானைச் சந்தித்த பின் பிப்ரவரி என்றாயிற்று. தேதி பேரம்பேசும் பொருளானதும், சீர்திருத்தமும் அதே தட்டில் ஏறிவிடுகிறது.

புதிய அவை கூடிய பின் முப்பது நாள் இதை மட்டும் செய்யுங்கள். அவசரச் சட்டத்தின் நகலையும் அதற்குப் பதிலாக வரும் மசோதாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூன்று இடங்களை ஒப்பிடுங்கள்: ஆணைய உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் ஆளும் கட்சியின் பங்கு எத்தனை பேர், அவர்களை நீக்கும் அதிகாரம் யாரிடம், பணம் நேரடி ஒதுக்கீடா அல்லது அமைச்சகம் வழியாகவா. மசோதாவே வராவிட்டால், 31-வது நாள் காலையில் அந்தச் சட்டம் இல்லை.