ஹெச்எஸ்ஏ பணத்தில் கைவைக்கும் முன்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலரும் நவம்பரில் ஓபன் என்ரோல்மென்ட் (அடுத்த ஆண்டுக்கான இன்சூரன்ஸைத் தேர்ந்தெடுக்கும் காலம்) மெயில் வந்தால், கடைசி நாளில் நாலு இடத்தில் டிக் அடித்துவிட்டு மறந்துவிடுவார்கள். வைத்தியச் செலவுக்காக வரிச்சலுகையோடு பணம் சேர்க்கும் கணக்கான ஹெச்எஸ்ஏவின் சிக்கல்கள் பலவும் அங்கேதான் முளைக்கின்றன.

கணவன் ஒரு கம்பெனி, மனைவி வேறொரு கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவன் டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் முன் நாம் கட்டும் தொகை) அதிகமுள்ள பிளானை எடுத்து ஹெச்எஸ்ஏ திறக்கிறார். மனைவி தன் ஆபீஸில் எஃப்எஸ்ஏ, அதாவது வைத்தியச் செலவுக்கு வரிக்கு முன் சம்பளத்தில் பிடித்து வைக்கும் கணக்கு, போடுகிறார். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சரி. ஆனால் மனைவியின் சாதாரண எஃப்எஸ்ஏவில் கணவனின் வைத்தியச் செலவையும் கட்டலாம் என்பதால், அது நடப்பில் இருக்கும்வரை கணவன் ஹெச்எஸ்ஏவில் பணம் போடவே கூடாது. அதிலிருந்து அவருக்காக ஒரு டாலர்கூட எடுக்கவில்லை என்றாலும் இதே கதைதான். போட்டதை வரித் தாக்கல் கெடுவுக்குள் திரும்ப எடுக்காவிட்டால் ஆண்டுதோறும் 6 சதவீதம் தண்டம். பல், கண் செலவுக்கு மட்டுமான லிமிடெட் பர்ப்பஸ் எஃப்எஸ்ஏ என்றால் தொல்லை இல்லை. டிக் அடிக்கும் முன் வீட்டில் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளுங்கள்.

ஹெச்எஸ்ஏவில் ஆண்டுக்கு எவ்வளவு போடலாம் என்ற உச்சவரம்பிலும் பலர் சறுக்குகிறார்கள். 2026க்கு தனிநபருக்கு 4,400 டாலர், குடும்பத்துக்கு 8,750. கம்பெனி போடும் பங்கும் இதற்குள் அடக்கம்.

அடுத்தது தேதி. ஜனவரியில் பிளான் தொடங்கியிருக்கும். கணக்கை மார்ச்சில்தான் திறந்திருப்பீர்கள். பிப்ரவரியில் எமர்ஜென்சிக்குப் போன பில்லை அந்தப் பணத்தில் கட்ட முடியாது. கணக்கு தொடங்கிய பிறகு வந்த செலவுக்கு மட்டுமே அனுமதி. அதனால் கொஞ்சம் பணமாவது போட்டு முதலிலேயே திறந்துவிடுவது நல்லது. திறந்த பிறகு வந்த பில்லை அதே ஆண்டில் எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ரசீது பத்திரமாக இருந்தால் பல வருடம் கழித்தும் எடுக்கலாம்.

ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வந்த அப்பா அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் கை தானாக ஹெச்எஸ்ஏ கார்டைத்தான் தேடும். வரிச் சட்டப்படி அவர்கள் உங்களைச் சார்ந்தவர்களாக இருந்தால்தான் அது செல்லும். விசிட்டர் விசாவில் வந்தவர்கள் பெரும்பாலும் அதில் வரமாட்டார்கள். அவர்களுக்கு எடுத்த விசிட்டர் இன்சூரன்ஸ் பிரீமியமும் அப்படியே. 65 வயதுக்கு முன் தகுதியில்லாத செலவுக்கு எடுத்தால், வருமான வரியோடு 20 சதவீத அபராதமும் சேரும்.

மாறாக, லீவில் சென்னை போனபோது உங்களுக்கே செய்துகொண்ட ரூட் கேனாலுக்கு இந்தப் பணத்தைத் தாராளமாக எடுக்கலாம். இது தெரியாமலே பலர் கைக்காசைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதித் தருவதை வாங்காதீர்கள். பெயர், தேதி, சிகிச்சை விவரத்தோடு முறையான பில் கேளுங்கள். திரும்பும்போது பெட்டியில் கட்டி வரும் மருந்துகள் பொதுவாக இதில் சேராது.

கலிஃபோர்னியா, நியூஜெர்ஸிக்காரர்களுக்கு இன்னொன்று: உங்கள் மாநிலங்கள் ஹெச்எஸ்ஏவுக்கு வரிச்சலுகை தருவதில்லை. போடும் பணத்துக்கும், கணக்கில் கிடைக்கும் வட்டிக்கும் மாநில வரி உண்டு. மாநிலப் படிவத்தில் இதைச் சேர்த்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே அனுப்புங்கள்.